ரொட்டிக்காரர் கைகாட்டிய ஆள்

ஹாலம் என்ற பெயர் காதில் விழுந்ததும் ரொஸ்னா கையிலிருந்த தேத்தண்ணிக் குவளையை மேசைமேல் வைத்துவிட்டாள். வைத்திருக்காவிட்டால் அது தரையில் விழுந்து உடைந்திருக்கும்.

தொலைபேசியில் ஜெயலெட்சுமி தன் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போனாள். பினாங்கில் வீட்டோடு கிடக்கும் முதியவர்களைப் பார்த்துக்கொள்ள ஆள் அனுப்புவது அவள் தொழில். ரொஸ்னா அவளிடம் பல வருடங்களாக வேலை செய்கிறாள்.

"தஞ்சோங் பூங்கா பக்கம் ஒரு கோண்டோ வீடு அக்கா. வெள்ளக்காரர், எம்பத்தேழு வயசு. ஒரு கண்ணு ஏற்கெனவே போச்சு, இன்னொன்னுக்கு ஆபரேஷன் பண்ணப் போறாங்க. வாய்தான் கொஞ்சம் ஜாஸ்தி. மூணு பேரு போயிட்டு ஓடி வந்துட்டாங்க. நீங்க இப்பப் பாத்துக்கிற சீனம்மாவ விட்டுட்டு வரமாட்டீங்கன்னு தெரியும், சும்மா கேட்டுப் பாத்தேன்."

"பேரு என்ன சொன்னே?"

"டெரிக் ஹாலம். பழைய பட்டாளத்துக்காரராம். சொல்லிச் சொல்லியே காத அறுப்பாராம் லா."

"நான் போறேன். எப்ப வரணும்?"

ஜெயலெட்சுமிக்கு ஆச்சரியம். ஆனால் ஆள் கிடைத்ததே பெரிது என்று அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை.

ரொஸ்னாவுக்கு ஐம்பத்தைந்து வயது. எழுதப் படிக்கத் தெரிந்துகொள்ளும் முன்பே அவள் மனப்பாடம் செய்த பெயர் அது. அவளைப் பெற்ற அத்தா இஸ்மாயில், சைக்கிளின் பின்னால் தகரப்பெட்டி கட்டி, பெங்காலி ரொட்டி விற்றவர். அதெல்லாம் அவள் பிறப்பதற்கு முன்பு. அவள் அறிந்த அத்தாவுக்கு இரண்டு கண்ணிலும் பார்வை இல்லை. இடது கண் இருந்த இடத்தில் தோல் சுருங்கி மூடியிருக்கும். வலது கண் வெள்ளையாக, எதையும் பார்க்காமல், எப்போதும் ஈரமாக இருக்கும்.

ஐம்பத்தெட்டாம் வருடம், வெள்ளைக்காரப் பட்டாளம் காட்டில் கம்யூனிஸ்டுகளோடு சண்டை போட்ட காலம், அவருக்கு இருபது வயது. சூலியா ஸ்ட்ரீட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில், குடித்துவிட்டு வந்த நான்கு வெள்ளைக்காரச் சிப்பாய்கள் அவரை மறித்தார்கள். பெட்டியைத் திறந்து ரொட்டிகளை எடுத்துப் பந்து விளையாடினார்கள். மூன்று பேர் விளையாட்டாகத்தான் இருந்தார்கள். நான்காமவன் ரொட்டியைச் சாக்கடையில் போட்டு, உரக்கச் சிரித்துக்கொண்டே காலால் மிதித்தான். இஸ்மாயில் அவன் மணிக்கட்டைப் பிடித்தார். அவ்வளவுதான். அவன் இடுப்பிலிருந்த பட்டாள வாரைக் கழற்றி, பித்தளை பக்கிள் உள்ள முனையை வீசினான். இடது கண் அந்த இடத்திலேயே போனது. வலது கண் ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில் மெல்ல மெல்ல அணைந்தது.

அத்தா ஒன்றும் பொறுமைசாலி அல்ல. எல்லாம் அல்லாஹ் பார்த்துக்கொள்வான் என்று அடுத்தவர்கள் சொன்னால் அவருக்குக் கோபம் வரும். "அவன் பாத்துக்கட்டும். நானும் பாத்துக்கிறேன்" என்பார். ரொஸ்னாவை மடியில் உட்காரவைத்துக்கொண்டு கேட்பார்.

"பேரு சொல்லு."

"கார்ப்பரல் ஹாலம்."

"நம்பரு?"

அந்த எட்டு இலக்கத்தையும் அவள் மூச்சுவிடாமல் ஒப்பிப்பாள். விசாரணையில் ஓர் அதிகாரி உரக்க வாசித்த பட்டாள எண் அது. அத்தா அதை ஒருமுறை கேட்டார், ஒருபோதும் மறக்கவில்லை.

"நான் மறந்தாலும் நீ மறந்துறாத."

தம்பி இமான் பள்ளிக்கூடம் போனான், படித்தான், இன்று ஜுருவில் தொழிற்சாலையில் நல்ல வேலையில் இருக்கிறான். ரொஸ்னா பாதியிலேயே நின்றுவிட்டாள். யாராவது அத்தாவின் கையைப் பிடித்து நடத்த வேண்டுமே. பள்ளிவாசலுக்கு, ஆஸ்பத்திரிக்கு, கச்சான் கடலைப் பொட்டலம் விற்க உட்காரும், கடைகளை ஒட்டிய ஐந்தடிப்பாதைக்கு. தன் வயதுப் பெண்கள் பாவாடை மடிப்பு கலையாமல் வரிசையாகப் பள்ளிக்குப் போவதை அவள் அத்தாவின் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாள். அந்தக் காலத்திலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது, அந்த வார் இரண்டு பேரை அடித்திருக்கிறது என்று. அத்தா மவுத்தாகி அடக்கமான பிறகும் அவள் அந்தப் பெயரை விடவில்லை. கர்னி டிரைவில் நடைபோகும் ஒவ்வொரு வெள்ளைக்காரக் கிழவனையும் உற்றுப் பார்ப்பாள்.

ஹாலம் அவளை எதிர்கொண்ட விதமே ஓர் உத்தரவுபோல் இருந்தது. "தாமதம்" என்றார் ஆங்கிலத்தில். அவள் நேரத்துக்குத்தான் வந்திருந்தாள்.

உயரமான ஆள். வயது முதுகை வளைத்திருந்தாலும் தோள்கள் இன்னும் அகலம். கால் வலுவிழந்ததால் பெரும்பாலும் சக்கர நாற்காலிதான். கூடத்தின் சுவரில், கடலைப் பார்த்தபடி, ஒரு கண்ணாடிச் சட்டம். அதற்குள் வெள்ளிப் பதக்கம் ஒன்று. ஊதா நிற நாடா, நடுவில் பச்சைக் கோடு, நாடாவின் குறுக்கே 'மலாயா' என்று பொறித்த சிறு பட்டை.

"கெடாக் காட்டில் என் பிரிவைச் சுற்றி வளைத்தார்கள்" என்று முதல் நாளே கதை ஆரம்பமானது. "பன்னிரண்டு பேர் நாங்கள். திரும்பி வந்தவர்கள் பதினொருவர். நான் மட்டும் இல்லாமல் போயிருந்தால் யாருமே திரும்பியிருக்க மாட்டார்கள். இந்த நாடு இன்று இப்படி இருக்கிறதென்றால், என் போன்றவர்களால்தான்."

லிஃப்டில் ஏறும் அண்டைவீட்டாருக்கும், மருந்து கொண்டுவரும் பையனுக்கும், குழாய் பழுது பார்க்க வந்தவருக்கும் அதே கதைதான். பினாங்கில் நவம்பர் மாதம் ஒரு ஞாயிறு, எஸ்பிளனேட் கடலோரத்துப் போர் நினைவுச் சின்னத்தில் மலர்வளையம் வைக்கும் நிகழ்ச்சி நடக்கும். மூன்று வருடங்களாக அவருக்கு அங்கே முன்வரிசையில் இடமாம். சிறுவர்கள் வந்து கைகுலுக்குவார்களாம்.

மறுநாள் அவர் பகலில் கண்ணயர்ந்தபோது ரொஸ்னா சட்டத்தைச் சுவரிலிருந்து இறக்கினாள். பின்பக்கத் தகடு எளிதாகக் கழன்றது. பதக்கம் உள்ளங்கையில் குளிர்ந்து கிடந்தது. அதன் விளிம்பில், நகத்தால் தடவினால் தெரிகிற சின்ன எழுத்துகளில், சிப்பாயின் எண்ணையும் பெயரையும் பொறித்திருந்தார்கள். ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் படித்தாள்.

எட்டு இலக்கமும் அவள் நாக்கில் இருந்தவைதான்.

அவள் கத்தவில்லை, அழவில்லை. பதக்கத்தைத் துணியால் துடைத்து, திரும்ப வைத்து, சட்டத்தை ஆணியில் மாட்டினாள். படுக்கையறை வாசலுக்குப் போய், வாய் திறந்தபடி தூங்கும் அந்த முகத்தை நெடுநேரம் பார்த்தாள். தலையணை பக்கத்தில்தான் இருந்தது. அதைப் பார்த்தாள். பிறகு சமையலறைக்குப் போய்க் கஞ்சி அடுப்பை மூட்டினாள். சாவு இவனுக்கு எப்படியும் வரத்தான் போகிறது, அதைத் தன் கையால் கொடுத்துத் தான் எதற்குச் சிறைக்குப் போக வேண்டும்? தான் பாதுகாப்பாக இருக்கிறோம் என்ற இவனுடைய நினைப்புதான் போக வேண்டும். அந்த முன்வரிசை போக வேண்டும்.

அன்று மாலை இமானிடம் தொலைபேசியில் சொன்னாள்.

"வேலைய விட்டுட்டு வந்துரு அக்கா. செத்துப்போன மனுசனுக்காக நீ ஏன் பாவம் தேடிக்கிற?"

"நான் இன்னும் ஒன்னுமே செய்யலயே."

"உன் குரலே சரியில்ல."

"அத்தா கையப் புடிச்சு நடந்தது நீ இல்ல தம்பி" என்று சொல்லி அவள் வைத்துவிட்டாள்.

கண் அறுவை சிகிச்சைக்கு முன்பே அவளுடைய சில்லறைப் பழிகள் தொடங்கிவிட்டன. சாய்வு நாற்காலியைத் தினமும் ஒரு சாண் நகர்த்தினாள். மிச்சமிருந்த மங்கல் பார்வையோடு அதை நம்பி நடக்கும் ஹாலம், முழங்காலை இடித்துக்கொண்டு கெட்ட வார்த்தை சொல்லும்போது அவளுக்கு உள்ளுக்குள் இனித்தது. மூக்குக் கண்ணாடியை வழக்கமான இடத்துக்குச் சற்று அப்பால் வைத்தாள். காப்பியைக் கசப்பாகக் கொடுத்தாள். ஆனால் மாத்திரை ஒன்றில்கூடத் தவறவில்லை, கண் மருந்தை நேரத்துக்கு ஊற்றினாள். அவன் நன்றாக இருக்க வேண்டும், எல்லாம் புரிகிற நிலையில் இருக்க வேண்டும் என்பதில் அவள் கவனமாக இருந்தாள்.

நவம்பர் நிகழ்ச்சிக்குச் சில நாட்கள் முன்னால் அறுவை சிகிச்சை முடிந்தது. ஒரு வாரத்துக்குக் கட்டை அவிழ்க்கக் கூடாது என்றார் டாக்டர். இன்னொரு கண் வெளிச்சத்தை மட்டும் சொல்லும். ஆக, ஹாலம் அந்த வாரம் முழுக் குருடு.

தொலைக்காட்சி பார்க்க முடியாத மனிதனுக்குப் பேச்சுதான் பொழுதுபோக்கு. காட்டுச் சண்டைக் கதை இரண்டு சுற்று வந்து முடிந்ததும், ரொஸ்னா மெல்லக் கேட்டாள்.

"பட்டாளத்தில் உங்களுக்குக் கஷ்டமே வந்ததில்லையா சார்?"

எதிரே இருப்பவர் முகத்தைப் பார்க்காமல் பேசுவதில் உள்ள துணிச்சலோ என்னவோ, அவர் கொட்டத் தொடங்கினார்.

"என் பட்டாள வாழ்க்கையையே ஒரு ரொட்டிக்காரன் நாசமாக்கினான். இந்த ஊர்க்காரன்தான். உங்கள் ஆள்."

ரொஸ்னா அவருடைய சட்டையை மடித்துக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

"சின்னத் தகராறு. குடித்திருந்தோம். அவன் என்னைத் தொட்டான். நான் ஒரு வீச்சு வீசினேன். அது படாத இடத்தில் பட்டுவிட்டது. அடுத்த மாதம் எங்களை எல்லாம் ஒரு கூடத்தில் வரிசையாக நிறுத்தினார்கள். அவனைக் கைப்பிடித்துக் கூட்டிவந்தார்கள், முகம் முழுக்கக் கட்டு. எனக்குச் சிரிப்புதான் வந்தது. குருடன் எப்படி ஆளை அடையாளம் காட்டுவான்? எங்களை ஒவ்வொருவராகப் பேசச் சொன்னார்கள். நான் குரலை மாற்றிப் பேசினேன். அவன் தலையை ஆட்டிவிட்டான், தெரியவில்லை என்று. தப்பித்தேன் என்று நினைத்தேன்."

"அப்புறம்?"

"அந்த நாய், மொழிபெயர்ப்பாளரிடம் ஏதோ சொன்னான். எங்களைச் சிரிக்கச் சொல்லச் சொன்னானாம். அதிகாரி முறைத்தார், ஆனால் உத்தரவு போட்டுவிட்டார். எல்லாரும் சிரித்தோம். சிரிப்பை எப்படி மாற்றுவது? நேராக நடந்துவந்து என் நெஞ்சில் விரலை வைத்தான்."

அத்தா இதை ஒருபோதும் இப்படிச் சொன்னதில்லை. "கைகாட்டினேன்" என்று மட்டும் சொல்வார். ரொஸ்னாவின் கண்ணில் நீர் முட்டியது. இந்த மனிதன் எதிரே அழக்கூடாது என்று பல்லைக் கடித்தாள். அழுதாலும் அவனுக்குத் தெரியப்போவதில்லை என்பது அப்புறம்தான் உறைத்தது.

"என் சட்டைக் கையிலிருந்த பதவிப் பட்டியைக் கிழித்தார்கள். கார்ப்பரலாக இருந்தவன் வெறும் சிப்பாய் ஆனேன். நான்கு மாதம் பட்டாளச் சிறை. அங்கே ஒரு காவலன் என்னைக் குருடனை அடித்தவன் என்று கூப்பிட்டான். அவனையும் அடித்தேன். இன்னும் ஆறு மாதம். வெளியே வந்து தப்பி ஓடினேன், பட்டர்வொர்த் தாண்டுமுன் பிடித்தார்கள். கடைசியில் வேண்டாத ஆள் என்று எழுதிக் கப்பலேற்றினார்கள். ஊரில் எவன் வேலை கொடுப்பான் அப்படி ஓர் எழுத்தோடு? கல்யாணம் நிலைக்கவில்லை."

"அப்போ இந்தப் பதக்கம்?"

"இந்தப் பதக்கத்துக்காகக் காட்டில் இருக்க வேண்டிய நாட்களை அதற்கு முன்பே இருந்து முடித்திருந்தேன். தபாலில் அனுப்பினார்கள். வைத்துக்கொள்ளும் உரிமை எனக்கு உண்டு." அவர் குரல் உயர்ந்தது. "ஞாயிற்றுக்கிழமை அதை அணிந்துகொண்டு போகிறேன். கட்டு இருந்தால் என்ன? கோட்டைத் தேய்த்து வை."

"சரி சார்" என்றாள் ரொஸ்னா. அன்று அவள் பஸ்ஸில் ஆயர் ஈத்தாமில் இருக்கும் தன் வீட்டுக்குத் திரும்பும்போது, என்ன செய்யப்போகிறோம் என்பது அவளுக்கு ஐயமில்லாமல் தெரிந்திருந்தது.

ஞாயிறு காலை. அவள் அவருக்குச் சவரம் செய்தாள், நீலக் கோட்டை மாட்டினாள், பதக்கத்தை இடது மார்பில் குத்தினாள். கட்டு இருந்த முகத்தை நிமிர்த்திக்கொண்டு அவர் சின்னப் பிள்ளைபோல உட்கார்ந்திருந்தார். வாடகைக் கார் எஸ்பிளனேட் பக்கம் திரும்ப வேண்டிய இடத்தில் அவள் ஓட்டுநரிடம் மலாயில் வேறு வழி சொன்னாள்.

அத்தா அடிபட்ட சந்துக்குள் அந்த நேரத்தில் வெயில் ஒரு பக்கம் மட்டும் விழுந்திருந்தது. அன்று சிப்பாய்கள் குடித்த மதுக்கடை இருந்த முனையில் இப்போது கைப்பேசிக் கடை, பூட்டியிருந்தது. எதிரே ஹாஃபிஸ் என்ற இளைஞனின் தேத்தண்ணிக் கடை. அடுத்த வாசலில் சொங்கோக் குல்லாயும் தொப்பியும் விற்கும் மஹ்பூபா, ரொஸ்னாவைவிடப் பத்து வயது பெரியவள். அத்தா கச்சான் விற்ற ஐந்தடிப்பாதை அங்கிருந்து கூப்பிடு தூரம்தான்.

கைப்பேசிக் கடைச் சுவரோரம் நாற்காலியை நிறுத்திச் சக்கரத்துக்குத் தடையைப் போட்டாள்.

"வந்துவிட்டோமா?"

"வந்துவிட்டோம் சார். நல்ல இடம். முன்வரிசை."

"கூட்டம் இல்லையே."

"இன்னும் வரவில்லை. நான் யாரிடமாவது கேட்டுவிட்டு வருகிறேன்."

அவள் சந்தின் எதிர்ப்பக்கம் போய் ஹாஃபிஸின் கடையில் உட்கார்ந்து பால் இல்லாத தே-ஓ ஒன்று கேட்டாள். எதிரே ஹாலம் முதுகை நிமிர்த்தி, கைகளைத் தொடைமேல் ஒழுங்காக வைத்து, எக்காளத்துக்காகக் காத்திருந்தார். கடந்துபோன ஒரு செருப்புச் சத்தத்துக்குக் கம்பீரமாகத் தலையசைத்தார். மோட்டார் சைக்கிள் ஒன்று உறுமிக்கொண்டு போனது. யாரோ வெங்காயம் தாளித்தார்கள். அவருடைய தலை இப்படியும் அப்படியும் திரும்பத் தொடங்கியது.

"ரொஸ்னா! கடல் காற்று எங்கே?"

அவள் தே-ஓவை ஆற்றிக் குடித்தாள்.

"ரொஸ்னா!"

ஹாஃபிஸ் எட்டிப் பார்த்தான். "அக்கா, உங்க ஆளுதானே அது? கூப்புடுறாரு லா."

"கூப்புடட்டும்."

"வெயில் வந்துக்கிட்டு இருக்கு."

"வரட்டும் தம்பி."

ஹாலம் சக்கரத்தைத் தள்ளிப் பார்த்தார், நகரவில்லை. கைப்பிடியை ஊன்றி எழுந்தார். ஓர் அடி வைத்தார், கையை முன்னால் நீட்டினார். விரல்களை விரித்துக் காற்றைத் தடவினார், சுவர் எங்கே, தூண் எங்கே என்று. அத்தாவின் கை இப்படித்தான் தடவும். இரக்கம் வந்துவிடுமோ என்று ரொஸ்னா பயந்து தனக்குள்ளே தேடிப் பார்த்தாள். வரவில்லை. நன்றாகத்தான் இருந்தது. இன்னும் கொஞ்சம் தடவட்டும் என்றே இருந்தது.

சாக்கடை ஓரத்தில் அவர் கால் இடறியது. விழுமுன் மஹ்பூபா ஓடிவந்து முழங்கையைப் பிடித்துவிட்டாள். "பாவம், யாரு இவர இப்பிடி விட்டுட்டுப் போனது?" என்று திட்டிக்கொண்டே நாற்காலியில் உட்காரவைத்தாள். கடையிலிருந்து ஒரு கிளாஸ் தண்ணீர் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தாள். நாலைந்து பேர் கூடினார்கள். ஆதரவான குரல்கள் கேட்டதும் ஹாலத்துக்கு உயிர் வந்தது. பதக்கத்தைத் தொட்டுக் காட்டினார்.

"நான் பழைய சிப்பாய். இந்த நாட்டுக்காகச் சண்டை போட்டவன். கெடாக் காட்டில் பன்னிரண்டு பேர்..."

கூட்டம் மரியாதையாகத் தலையசைத்தது. இளைஞன் ஒருவன் கைப்பேசியை எடுத்துப் படம்பிடித்தான். இன்னொருவன் குனிந்து கை கொடுத்தான்.

அந்தக் கைகுலுக்கல்தான் ரொஸ்னாவை எழுப்பியது. அதே சந்தில், அதே சாக்கடை ஓரத்தில். அவள் எப்படிச் சந்தின் இந்தப் பக்கம் வந்தாள் என்பது அவளுக்கே தெரியாது.

"கைய எடு தம்பி" என்றாள். "இவரு யாருன்னு தெரியுமா? இந்த இடத்துலதான் எங்க அத்தாவ பெல்ட்டால அடிச்சாரு. பக்கிள் கண்ணுல பட்டு ரெண்டு கண்ணும் போச்சு. எங்க அத்தா ரொட்டி வித்தவரு. இஸ்மாயில்னு பேரு. இவரு ஹாலம். பட்டாளம் இவர ஜெயில்ல போட்டுச்சு, பட்டியக் கிழிச்சுச்சு, வேணாம்னு தொரத்திச்சு. சண்டையில ஜெயிச்சு வாங்குன மெடல் இல்ல இது. வந்தவன் எல்லாருக்கும் குடுத்தது."

மஹ்பூபா ரொஸ்னாவின் முகத்தருகே வந்து உற்றுப் பார்த்தாள்.

"கச்சான் விப்பாங்களே, கண்ணு தெரியாத இஸ்மாயில் மாமா? நீ அவங்க கையப் புடிச்சுக்கிட்டு வர்ற சின்னப் புள்ளயா?"

"ஆமாக்கா."

மஹ்பூபா திரும்பினாள். ஹாலத்தின் கையிலிருந்து, அவர் பாதி குடித்திருந்த தண்ணீர்க் கிளாஸை விரல் விரலாகப் பிரித்து எடுத்தாள். மிச்சத் தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றிவிட்டு, கடைக்குள் போனாள். மற்றவர்களும் கலைந்தார்கள். படம் பிடித்தவன் கைப்பேசியைப் பைக்குள் போட்டுக்கொண்டான். ஒருவரும் ஏசவில்லை, கையை ஓங்கவில்லை. எல்லாரும் அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள், அங்கே ஆள் இல்லாத நாற்காலி ஒன்று கிடப்பதைப்போல.

ஹாலத்துக்குத் தமிழ் தெரியாது. ஆனால் இரண்டு பெயர்கள் அவர் காதில் விழுந்திருந்தன. வெறுங்கையை மூடித் திறந்தபடி இருந்தார்.

"நீ யார்?"

"ரொட்டிக்காரரின் மகள்."

முகத்தை அவள் குரல் வந்த பக்கம் திருப்பிக் கேட்டார், "இருக்கிறானா?"

"இறந்து பதினாறு வருடம்."

"நல்லது" என்றார் ஹாலம். "சந்தோஷம்."

ரொஸ்னாவின் கை தானாக உயர்ந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை, பேசிக்கொண்டே இருந்தார், நெஞ்சிலிருந்து எதையோ பிடுங்கிப் போடுவதுபோல.

"அந்த விரல் இன்னும் இங்கே இருக்கிறது. இதோ, இங்கே. அதற்குப் பிறகு நான் எங்கே சிரித்தாலும் அவன் வந்துவிடுவான். என் கல்யாணத்தன்று சிரிக்கவில்லை நான். என் மகள் பிறந்தபோதும் இல்லை. இந்த ஊருக்கு ஏன் திரும்பி வந்தேன் தெரியுமா? இங்கேயே தலைநிமிர்ந்து உட்கார்ந்து காட்டவேண்டும் என்றுதான். அவனை நான் மன்னிக்கவே மாட்டேன். கேட்டாயா? மன்னிக்க மாட்டேன்."

ஓங்கிய கையை ரொஸ்னா மெதுவாக இறக்கினாள். இத்தனை வருடமும் அவள் நினைத்திருந்தது வேறு. அடித்தவன் அடித்ததை மறந்துவிட்டுக் கப்பலேறி நிம்மதியாக வாழ்ந்திருப்பான் என்றுதான் அத்தாவும் நினைத்து நினைத்து வெந்தார். இருபது வயதுக் குருடர் நீட்டிய ஒரு விரல் இந்த மனிதனுடைய வேலையை, வீட்டை, சிரிப்பைத் தின்று தீர்த்திருக்கிறது. அவள் இங்கே வந்து செய்ததெல்லாம் இரண்டாம் பட்சம். அத்தா தன் கணக்கை அன்றைக்கே தானே தீர்த்திருக்கிறார். அது தெரியாமல் போய்ச் சேர்ந்துவிட்டார் என்பது ஒன்றுதான் அவளுக்குத் தாளவில்லை.

"ரொம்ப சந்தோஷம் சார்" என்றாள், அவர் சொன்ன அதே தோரணையில்.

வீட்டுக்குக் கூட்டிப்போய், கோட்டைக் கழற்றி, மாத்திரையும் மதியச் சாப்பாடும் கொடுத்தாள். சாய்வு நாற்காலியை அதன் பழைய இடத்தில் வைத்தாள். நாளை முதல் வர மாட்டேன் என்று சொல்லிவிட்டுச் சாவியை மேசைமேல் வைத்தாள்.

புகார் வரும், ஏஜென்சியில் பெயர் கெடும் என்று அவள் எதிர்பார்த்தாள். ஒன்றும் வரவில்லை. புகார் சொல்வதென்றால் ஹாலம் எல்லாவற்றையும் சொல்ல வேண்டுமே. அடுத்த வாரம் இமான் வீட்டுக்கு வந்தபோது அவள் நடந்ததைச் சொன்னாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"கண்ணு தெரியாத ஆள நடுத் தெருவுல விட்டுட்டு டீ குடிச்சியா அக்கா?"

"குடிச்சேன்."

"மனசு ஆறுச்சா?"

அவள் யோசித்தாள். பொய் சொல்லத் தோன்றவில்லை. "முழுசா ஆறல. ஆனா வெக்கமா இல்ல. நீ வேணும்னா மன்னிச்சுக்க தம்பி. நான் தடுக்கல."

டிசம்பரில் ஜெயலெட்சுமி மறுபடி கூப்பிட்டாள்.

"அக்கா, அந்த ஹாலம் ஒரே ரோதன. நாலு பேர அனுப்பிட்டேன், எல்லாரையும் தொரத்திட்டாரு. உங்களத்தான் வேணுங்கிறாரு. சம்பளம் கூடவே தர்றேங்கிறாரு. ஒன்னு சொன்னாரு, எனக்குப் புரியல. ரொட்டிக்காரரோட மகள வரச் சொல்லுன்னாரு. இப்ப யார்கிட்டயும் அந்தக் காட்டுக் கதையெல்லாம் சொல்றதில்லயாம். உங்ககிட்ட பேசணுமாம். எதையோ கேக்கணும், சொல்லணும்ங்கிறாரு."

ரொஸ்னா தொலைபேசியைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டாள். அவர் எதைத் தேடுகிறார் என்று அவளுக்குப் புரிந்தது. நடிக்காமல் உட்கார, ஏசவும் ஏச்சு வாங்கவும், உலகத்தில் மிச்சமிருக்கும் ஒரே ஆள் அவள்தான். அவள் போனால் அந்தக் கிழவனின் கடைசி நாட்கள் கொஞ்சம் லேசாகும்.

"முடியாது" என்றாள்.

"யோசிச்சுச் சொல்லுங்க அக்கா. ஆளு ரொம்ப ஒடுங்கிட்டாரு."

"யோசிச்சுதான் சொல்றேன். எனக்கு வேற வீடு குடு. கடலுக்கு அந்தப் பக்கம் கெப்பாலா பத்தாஸா இருந்தாலும் பரவால்ல, பஸ் ஏறிப் போயிக்கிறேன்."

நோன்பு மாதத்தில் ஒருநாள், கெப்பாலா பத்தாஸில் அவள் புதிதாகப் பார்த்துக்கொள்ளும் மலாய்க்கார அம்மாவுக்கு முதுகு தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தபோது, ஜெயலெட்சுமியிடமிருந்து செய்தி வந்தது. ஹாலம் முந்தைய நாள் காலமாகிவிட்டார். மகள் இங்கிலாந்திலிருந்து வந்துகொண்டிருக்கிறாள். பக்கத்தில் யாரும் இல்லையாம்.

ரொஸ்னா அதை ஒருமுறை படித்தாள். மவுத்துச் செய்தி கேட்டால் ஓதும் இன்னாலில்லாஹ்வை வாய் தொடங்கி, பாதியில் நின்றது. கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, வெந்நீரில் துணியைப் பிழிந்து, அந்த அம்மாவின் தோளைத் துடைக்க ஆரம்பித்தாள்.